தூர் வாருங்கள், தூக்கிப் போடாதீர்கள்!

(திருச்சி பாலக்கரையில் தொலைக்காட்சிக்காக ஒளிப்பதிவான பட்டிமன்றம். தலைப்பு: ‘வயதான கைப்பேசியை மாற்றுவதா, வைத்துக்கொள்வதா – எது அறிவுடைமை?’ ‘வைத்துக்கொள்வதே’ என்ற அணியின் நிறைவுப் பேச்சு.)

அன்புக்கும் மதிப்புக்கும் உரிய நடுவர் அவர்களே! இவ்வளவு நேரம் எங்களை ஒரு கை பார்த்துவிட்டு, இப்போது நிம்மதியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! எங்கள் அணியின் அருமைத் தோழர்களே! உய்யக்கொண்டான் கொசுவுக்கு ரத்த தானம் செய்துகொண்டே உட்கார்ந்து தமிழ் கேட்கிற பாலக்கரைப் பெரியோர்களே, தாய்மார்களே! (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே, பேச்சைத் தொடங்கும் முன்னால் ஒரு சாட்சியை மேடையேற்றுகிறேன். இதோ, என் கைப்பேசி. கேமராக்காரத் தம்பி, கொஞ்சம் கிட்டத்துல காட்டுப்பா. மூலையில ஒரு கீறல் தெரியுதா? ஒரு கல்யாணப் பந்தியில சாம்பார் வாளிக்குப் பக்கத்துல விழுந்தது. வாளிக்குள்ள விழாத வரைக்கும் புண்ணியம். (சிரிப்பு) பின்னால இருக்கிற உறையைப் பாருங்க. வாங்கும்போது கண்ணாடி மாதிரி இருந்துச்சு. இப்ப வெந்தயம் ஊறின தண்ணி நிறத்துக்கு வந்திருச்சு. (சிரிப்பு) 2022இல் வாங்கினேன். என்னைப் பார்க்கிற மாணவர்கள் எல்லாம், “ஐயா, இன்னுமா இதை வச்சிருக்கீங்க?” என்று கேட்கிறார்கள். இருபத்தைந்து வருஷமா அதே சிலப்பதிகாரத்தை நடத்துறேன். அதை ஒருத்தனும் கேட்கலை! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

எதிரணியினர் மூன்று அம்பு விட்டார்கள். முதலில் வந்த தம்பி நன்னூலைக் காட்டினார். அடுத்து வந்த சகோதரி முக்கொம்பைக் காட்டினார். கடைசியாக வந்த எதிரணித் தலைவர், “பழைய போனை வைத்திருந்தால் பேங்குப் பணம் போய்விடும்” என்று பயம் காட்டினார். மூன்றுக்கும் பதில் சொல்லாமல் நான் இறங்கப் போவதில்லை.

முதலில் நன்னூல். பழையது போவதும் புதியது வருவதும் குற்றமில்லை என்று பவணந்தி முனிவர் சொல்லிவிட்டார், ஆகவே போனை மாற்று என்கிறார் தம்பி. முனிவர் சொன்னது உண்மைதான். ஆனா தம்பி, ‘குற்றமில்லை’ என்றுதானே சொன்னார்? ‘கட்டாயம்’ என்று சொன்னாரா? வெயிலில் குடை பிடித்தால் தப்பில்லை என்று ஒருத்தர் சொன்னால், வருஷத்துக்கு ஒரு குடை வாங்கு என்றா அர்த்தம்? (சிரிப்பு) அதிலும் அவர் பேசியது சொற்களைப் பற்றி. சொல் எப்படிக் கழியும்? காலம் ஆக ஆக, மக்கள் நாவில் வழக்கு ஒழிந்து, அதுவாகக் கழியும். ஆடித் தள்ளுபடி வருகிறது என்பதற்காக எந்த இலக்கணக்காரனும் சொல்லைக் கழித்ததில்லை! (கைதட்டல்)

நீங்கள் இலக்கணம் காட்டினால் நான் வள்ளுவரைக் காட்டுகிறேன். 80ஆவது அதிகாரம் நட்பாராய்தல். 81ஆவது அதிகாரம் பழைமை. அந்த வரிசையை நன்றாகக் கவனியுங்கள். சேர்த்துக்கொள்வதற்கு முன்னால் ஆராய்ந்து பார். சேர்த்துக்கொண்ட பின் பழகியதைக் கைவிடாதே. 133 அதிகாரத்தில் ‘பழைமை’ என்று ஒன்று இருக்கிறது. ‘புதுமை’ என்று ஒன்று இல்லை. (கைதட்டல்) “அது நண்பனுக்குச் சொன்னதய்யா, போனுக்கா சொன்னார்?” என்று தம்பி முணுமுணுக்கிறார். தம்பி, ராத்திரி தூங்கும்போது தலைமாட்டில் யாரை வைத்துக்கொண்டு தூங்குகிறாய்? நண்பனையா, போனையா? (பலத்த சிரிப்பு)

சரி, சிரித்தது போதும். விஷயத்துக்கு வருகிறேன். என் முதல் கேள்வி இதுதான்: உங்கள் போன் பழசாகிவிட்டது என்று யார் சொன்னது?

நடந்ததைச் சொல்கிறேன். ஒரு நாள் இந்தப் போனில் சார்ஜ் ஏறவில்லை. வயரை மாற்றினேன், ஏறவில்லை. பிளக்கை மாற்றினேன்; ஏறவில்லை. வீட்டம்மா சொன்னாங்க: “ஏங்க, தீபாவளிக்கு எப்படியும் ஆஃபர் போடுவான். இதைத் தலையைச் சுத்திப் போட்டுட்டு வேற வாங்குங்க.” கல்யாணமாகி முப்பது வருஷம் ஆன மனுஷன் நான். தலையைச் சுத்திப் போடுற பேச்சு வந்தா எனக்குக் கொஞ்சம் பயமாத்தான் இருக்கும். (பலத்த சிரிப்பு)

பெரிய கடை ஒன்றுக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, ஏசி, கழுத்தில் பட்டை போட்ட பிள்ளைகள். ஒரு பையன் போனைக் கையில்கூட வாங்கவில்லை. எட்ட நின்றே பார்த்துவிட்டு, “சார், இது ஓல்டு மாடல். பார்ட்ஸ் கிடைக்காது. எக்ஸ்சேஞ்சுல போடுங்க, ஆயிரத்து ஐந்நூறு எடுத்துக்குறோம்” என்றான். எட்ட நின்று நாடி பார்க்கிற வைத்தியரை அன்றைக்குத்தான் பார்த்தேன்! (சிரிப்பு)

வெளியே வந்தேன். இதே பாலக்கரையில் ஒரு சின்ன ரிப்பேர் கடை. ஒருத்தர் உட்கார்ந்தால் இன்னொருத்தர் நிற்க வேண்டும், கடை அவ்வளவுதான். அந்தத் தம்பி போனை வாங்கினான். டார்ச் அடித்து, சார்ஜ் போடுகிற ஓட்டைக்குள் பார்த்தான். ஒரு ஊசியை எடுத்தான். மெல்லக் குடைந்து எதையோ வெளியே இழுத்தான். “சார், சட்டைப் பையில போடுவீங்களா?” “ஆமாப்பா.” “பஞ்சு சார். உங்க சட்டைப் பஞ்சுதான்.” வயரைச் செருகினான். சார்ஜ் ஏறுகிறது! “எவ்வளவுப்பா?” என்றேன். “ஊசிக்கு என்ன சார் காசு? ஒரு டீ சொல்லுங்க” என்றான். (நீண்ட கைதட்டல்)

நடுவர் அவர்களே, ஒரு ஊசி முனைப் பஞ்சுக்காக நான் 18,000 ரூபாய்க்குப் புதுப் போன் வாங்க இருந்தேன்!

டீ குடித்துக்கொண்டே கேட்டேன்: “தம்பி, போன் ரொம்ப மெதுவா ஓடுதே, வயசாயிடுச்சோ?” அவன் உள்ளே திறந்து பார்த்தான். “சார், உங்க போன்ல இடமே இல்லை. ரோஜாப்பூ மட்டும் நாலாயிரம் இருக்கு” என்றான். (சிரிப்பு) தினமும் காலையில் ‘இனிய காலை வணக்கம்’ என்று ஒரு ரோஜாப்பூவை அனுப்புகிறார்களே, நம்ம சொந்தக்காரர்கள், அந்தப் பூ! எல்லாம் உள்ளே போய்க் குப்பையாகக் குவிந்து கிடக்கிறது. அழித்தோம். போன் குதிரை மாதிரி ஓடுகிறது. போனுக்கு வயசாகவில்லை, அதற்கு மூச்சு முட்டியிருக்கிறது. (கைதட்டல்)

மூன்றாவது நோய், சார்ஜ் நிற்காதது. காலையில் நூறு காட்டும். மத்தியானம் பதினைந்துக்கு வந்துவிடும். இதுதான் உண்மையான மூப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எதற்கு மூப்பு? பேட்டரிக்கு. உள்ளே இருப்பது லித்தியம் அயான் பேட்டரி. நிரப்பித் தீர்க்கிற ஒவ்வொரு சுற்றிலும் அதன் கொள்ளளவு கடுகளவு குறையும். சூடு பட்டால் இன்னும் சீக்கிரம் குறையும். தலையணைக்கு அடியில் வைத்து விடிய விடிய சார்ஜ் போட்டால், அதை நாமே வேக வைக்கிறோம். வாகனத்துக்கு டயர் மாதிரி அது ஒரு தேய்பொருள். டயர் தேய்ந்தால் வண்டியையா மாற்றுவோம்? (கைதட்டல்)

இந்த பேட்டரியைக் கண்டுபிடித்ததற்காக 2019ஆம் ஆண்டு மூன்று பேருக்கு வேதியியல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அதில் ஒருவருக்கு அப்போது வயது 97. உலகத்திலேயே நோபல் பரிசு வாங்கிய மிக மூத்த மனிதர் அவர்தான். ஆக்ஸ்போர்டில் இருந்திருந்தால் ஓய்வு வயது வந்துவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அதனால் 1986இல் அமெரிக்காவுக்கு, டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். தொண்ணூறு தாண்டியும் ஆராய்ச்சி செய்தார். அவர் பெயர் என்ன தெரியுமா? ஜான் குட்இனஃப்! தமிழில் சொன்னால், ‘இதுவே போதும்’! (பலத்த கைதட்டல், சிரிப்பு) எதிரணித் தலைவர் அவர்களே, உங்கள் புதுப் போனுக்கு உள்ளேயே எங்கள் அணித் தலைவர் உட்கார்ந்திருக்கிறார்! (கைதட்டல் அடங்கச் சில நொடிகள் ஆகின்றன)

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். தமிழ் வாத்தியார் கணக்குதான், சுலபமாக இருக்கும். 18,000 ரூபாய்க்கு ஒரு போன். இரண்டு வருஷத்தில் மாற்றினால் மாதம் 750 ரூபாய். நாளைக்கு 25 ரூபாய். அதே போனுக்கு நடுவில் ஒரு தடவை 1,200 ரூபாய் கொடுத்து பேட்டரி மாற்றி, ஐந்து வருஷம் ஓட்டினால்? மொத்தம் 19,200. மாதத்துக்கு 320 ரூபாய். நாளைக்குப் பதினோரு ரூபாய்க்குள் முடிந்தது. மாதம் 430 ரூபாய் மிச்சம். ‘வட்டியில்லாத் தவணை’ என்று சொல்லி நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறதே, அது இந்த 430 ரூபாயைத்தான் தின்கிறது. ஒரு தவணை முடியும்போது அடுத்த போன் வந்துவிடுகிறது. போன் மாறுகிறது, கடன் மட்டும் மாறாமல் அப்படியே இருக்கிறது! (கைதட்டல்)

“அப்படியே வைத்திருக்கலாம் என்றால் கம்பெனிக்காரன் விட மாட்டேன் என்கிறானே” என்று ஒரு அம்மா கீழேயிருந்து கேட்கிறார்கள். சரியான கேள்விம்மா. அதையும் சொல்ல வேண்டும்.

பழைய ஐபோன்களை மென்பொருள் மூலம் மெதுவாக்கியதாக 2017 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. பேட்டரி தளர்ந்த போன் திடீரென்று அணைந்துவிடாமல் இருக்கவே அப்படிச் செய்தோம் என்றார்கள். காரணம் சரியாகவே இருக்கட்டும். ஆனால் வாங்கினவனிடம் ஒரு வார்த்தை சொன்னார்களா? அவன் என்ன நினைப்பான்? ‘போன் கிழடாகிவிட்டது, புதுசு வாங்கு’ என்றுதானே? விஷயம் வெளியே வந்ததும் மன்னிப்புக் கேட்டார்கள். பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தார்கள். வாடிக்கையாளருக்குச் சொல்லவில்லை என்பதற்காக பிரான்சு நாடு 2020இல் 2.5 கோடி யூரோ அபராதம் போட்டது. 29 டாலர் பேட்டரியில் தீர வேண்டிய நோய்க்கு எத்தனை பேர் புதுப் போன் வாங்கியிருப்பார்கள்!

இப்போது உலகம் விழித்துக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் ஒரு விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது. 800 சுற்று சார்ஜ் ஏற்றி இறக்கிய பிறகும் பேட்டரியில் நூற்றுக்கு எண்பது கொள்ளளவு நிற்க வேண்டும். ஒரு மாடலின் விற்பனையை நிறுத்திய பின்னும் 7 வருஷம் உதிரிபாகம் கொடுக்க வேண்டும். மென்பொருள் புதுப்பிப்பு 5 வருஷம் கொடுக்க வேண்டும். நம் நாட்டிலும் 2022இல் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமையை ஆராய ஒரு குழு அமைத்தது. காசு கொடுத்து வாங்கிய பொருளைப் பழுதுபார்த்து வைத்துக்கொள்வதை ஒரு உரிமை என்று இன்றைக்குச் சட்டம் பேசுகிறது. எங்கள் பாட்டி ஈயம் பூசிப் பூசி ஒரு பித்தளைப் பாத்திரத்தை ஆயுசு முழுக்க வைத்திருந்தாள். அவளுக்கு அது உரிமை என்று தெரியாது. அதுதான் குடித்தனம் என்று தெரியும். (கைதட்டல்)

இனி சகோதரியின் முக்கொம்பு. நல்ல வாதம். மனசாரப் பாராட்டுகிறேன். முக்கொம்பு மேலணை 1836இல் கட்டியது. 2018 ஆகஸ்ட் 22ஆம் தேதி ராத்திரி கொள்ளிடத்துப் பக்கம் மதகுகள் உடைந்து, 45இல் 9 மதகு வெள்ளத்தோடு போயிற்று. “பழசைக் கட்டிக்கொண்டு அழுதால் இதுதான் கதி” என்றார் சகோதரி. பக்கத்திலேயே புதுக் கதவணையும் கட்டினார்கள். மறுக்கவில்லை.

ஆனால் சகோதரி, நீங்கள் பிறந்து வளர்ந்த ஊரில் இன்னும் இரண்டு இடம் காட்டுகிறேன், வாருங்கள். ஒன்று, இதோ இந்த உய்யக்கொண்டான். ராஜராஜ சோழன் காலத்து வாய்க்கால் என்பார்கள். ஆயிரம் வருஷம். தூர் வாரின வருஷம் வயலுக்குத் தண்ணீர் போகும். தூர் வாராத வருஷம் மூக்கைப் பொத்திக்கொண்டு போவோம். வாய்க்கால் அதேதான், அதன் வயசும் அதேதான். இன்னொன்று, பொன்மலை. 1928இலிருந்து இயங்குகிற ரயில்வே பணிமனை. ஊட்டி மலை ரயிலின் பழைய நீராவி இன்ஜின்களுக்கு ஒரு நோய் என்றால் மலை இறங்கி இந்தப் பொன்மலைக்குத்தான் வருகின்றன. ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, தேய்ந்ததை மாற்றி, மறுபடி மலையேற்றுகிறார்கள். அதே பணிமனை, தேவை வந்தபோது அந்த ரயிலுக்குப் புது இன்ஜினும் செய்து கொடுத்தது. அவர்களுக்குப் பழசின் மேல் மோகமும் இல்லை, புதுசின் மேல் பகையும் இல்லை. முதலில் கழற்றிப் பார்க்கிறார்கள்; பிறகுதான் முடிவு செய்கிறார்கள். (கைதட்டல்)

அதனால் முக்கொம்பிலிருந்து நான் எடுத்துக்கொள்கிற பாடம் வேறு. ஒரு பொருளின் வயசைப் பார்த்து முடிவெடுக்காதே. அது இன்றைக்கு எதைத் தாங்கி நிற்கிறது, தாங்கும் பலம் அதற்கு இருக்கிறதா, அதைப் பார். மதகு தாங்குவது வெள்ளத்தை. நம் போன் எதைத் தாங்குகிறது? இங்கேதான் எதிரணித் தலைவரின் மூன்றாவது அம்பு வருகிறது.

அவர் சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது. அதை மறைத்துவிட்டுக் கைதட்டல் வாங்க எனக்கு விருப்பமில்லை. போனுக்கு மாதாமாதமோ, சில மாதத்துக்கு ஒரு முறையோ பாதுகாப்புப் புதுப்பிப்பு என்று ஒன்று வரும். திருடன் புதுச் சாவி செய்யச் செய்ய, கம்பெனிக்காரன் பூட்டை மாற்றிக் கொடுக்கிறான், அதுதான் அது. சில வருஷம் கழித்து அது நின்றுவிடும். நின்ற பிறகு, பழைய பூட்டைப் போட்ட வீட்டில் நகையை வைக்கலாமா? கூடாது. இந்தப் போனுக்கு முந்தைய போனை 2022இல் நானே ஏன் மாற்றினேன்? அது நன்றாகத்தான் ஓடியது. பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுவிட்டது. என் பென்ஷன் கணக்கு, சம்பளக் கணக்கு எல்லாம் போனில். மாற்றினேன். அது அறிவுடைமைதான். (எதிரணியினர் கைதட்டுகின்றனர்) தட்டுங்க, தட்டுங்க. அடுத்து நான் சொல்லப்போறதுக்கும் தட்டணும்! (சிரிப்பு)

ஆனால் தலைவர் ஒன்றைச் சொல்லாமல் விட்டார். “பேங்குல இருந்து பேசுறோம், உங்க நம்பருக்கு வந்த எண்ணைச் சொல்லுங்க” என்று கேட்கிறானே, அவனிடம் புதுப் போனில் இருந்துகொண்டு எண்ணைச் சொன்னாலும் பணம் போகத்தான் செய்யும். ஒரு லட்ச ரூபாய்ப் போனுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. அப்படி ஏமாந்தால் உடனே 1930 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். வெட்கப்பட்டு மறைத்து வைக்காதீர்கள். தாய்மார்கள் இதை மட்டுமாவது வீட்டுக்குக் கொண்டு போங்கள். (கைதட்டல்)

ஆகவே எங்கள் அணியின் முடிவு இது. நான்கு கேள்வி கேளுங்கள். ஒன்று, பாதுகாப்புப் புதுப்பிப்பு இன்னும் வருகிறதா? இரண்டு, நோய் பேட்டரியிலா, பஞ்சிலா, ரோஜாப்பூவிலா? மூன்று, பேட்டரி உப்பியிருக்கிறதா? உப்பியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள், குத்திப் பார்க்காதீர்கள், தீப்பிடிக்கும். நேரே கடையில் கொடுத்து எடுத்துவிடுங்கள். நான்கு, ரிப்பேர் செலவு அந்தப் போனின் இன்றைய மதிப்பைத் தாண்டுகிறதா? இந்த நான்கும் கேட்ட பிறகும் மாற்றத்தான் வேண்டும் என்றால் மாற்றுங்கள். அப்போதும் நட்பாராய்தல் அதிகாரத்தை மறக்காதீர்கள். கேமராவில் எத்தனை கண் என்று கேட்பதற்கு முன்னால், “எத்தனை வருஷம் புதுப்பிப்பு தருவீங்க?” என்று கேளுங்கள். கூகுள் 2023இலும் சாம்சங் 2024இலும் தங்கள் உயர்விலைப் போன்களுக்கு 7 வருஷம் தருகிறோம் என்று அறிவித்தார்கள். கேட்டால்தான் குறைந்த விலைப் போனுக்கும் அது வரும்.

நடுவர் அவர்களே, மணி அடிக்கக் கையைக் கொண்டு போறீங்க. இரண்டு நிமிஷம் கொடுங்க. இதுவரை பேசியது வாதம். இனிமேல் பேசப்போவது வாக்குமூலம்.

2020. ஊரடங்கு. கல்லூரி மூடியாயிற்று. பாடம் எல்லாம் போனில். இளங்கலைத் தமிழ் இரண்டாம் ஆண்டில் ஒரு பெண் பிள்ளை. வாரத்தில் இரண்டு நாள் வருவாள். வந்தாலும் பாதியில் காணாமல் போய்விடுவாள். ஒரு நாள் எனக்குக் கோபம். அத்தனை பேர் கேட்கும்போதே சொன்னேன்: “ஏம்மா, தமிழ்னா அவ்வளவு இளக்காரமா? படுத்துத் தூங்குறதுக்குக் காலேஜ் எதுக்கு?” பதில் இல்லை. இணைப்பு அறுந்துவிட்டது. பார்த்தாயா, கோபத்தில் வெட்டிவிட்டுப் போகிறாள் என்று நினைத்தேன்.

சாயங்காலம் ஒரு தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. அவள்தான். “ஐயா, நான் வெட்டலை ஐயா. கரண்டு போயிடுச்சு. அப்பா போன் ஐயா அது. பேட்டரி உப்பியிருக்கு, வயரைச் செருகி வச்சாத்தான் ஓடும். அப்பா மார்க்கெட்ல மூட்டை தூக்குறாங்க. ராத்திரி போனா காலையிலதான் போன் வீட்டுக்கு வரும். தம்பி பத்தாவது படிக்கிறான். அவனுக்கு முதல்ல குடுத்துட்டு அப்புறம்தான் நான். இது பக்கத்து வீட்டு அக்கா போன் ஐயா.” காந்தி மார்க்கெட்டை அப்போது ஜி கார்னர் மைதானத்துக்கு மாற்றியிருந்தார்கள், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அங்கே மூட்டை தூக்கிவிட்டு ஒரு மனிதர் வீட்டுக்கு வந்தால்தான், இங்கே ஒரு பிள்ளைக்குத் தமிழ் வகுப்பு! (அரங்கில் அமைதி)

போனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். ஏன் தெரியுமா? நான் உட்கார்ந்திருந்த அதே அறையில் ஒரு மர அலமாரி. மூன்றாவது தட்டில் இரண்டு போன். 2013இல் வாங்கியது ஒன்று, 2016இல் வாங்கியது ஒன்று. இரண்டையும் மாற்றியபோது இரண்டுமே ஓடிக்கொண்டிருந்தன. ‘ஸ்லோ’ என்று சொல்லி மாற்றினேன். விற்கவும் இல்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று வைத்திருந்தேன். எதற்கு? எனக்குத் தெரியாது. தூங்கியது அந்தப் பிள்ளை இல்லை, நடுவர் அவர்களே. தூங்கியது என் அலமாரி. (நீண்ட கைதட்டல்)

2013 போன் எழுந்திருக்கவே இல்லை. 2016 போனுக்குப் பாதி ஷட்டர் திறந்திருந்த அந்தப் பாலக்கரைக் கடையில் பேட்டரி மாற்றினேன். 700 ரூபாய். கொண்டு போய்க் கொடுத்தேன். அத்தனை பேர் முன்னால் திட்டியவன், அடுத்த வகுப்பில் அத்தனை பேர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பிறகு அவள் ஒரு வகுப்பும் தவறவில்லை. பட்டம் வாங்கினாள். பி.எட். முடித்தாள். இன்றைக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியை. (கைதட்டல்)

2025இல் ஒரு நாள் என் அறைக்கு வந்தாள். முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு ஒரு புதுப் போன் வாங்கிக் கொடுத்துவிட்டேன் என்றாள். எதிரணி நண்பர்களே, அந்தப் புதுப் போனுக்கு நானும் கைதட்டினேன். உப்பிய பேட்டரியோடு மூட்டை தூக்கிய மனிதருக்கு அது எப்போதோ வந்திருக்க வேண்டியது. பிறகு பையிலிருந்து ஒன்றை எடுத்து என் மேசையில் வைத்தாள். “ஐயா, இன்னும் ஓடுது. பணம் போடுறது எடுக்குறது மட்டும் இதுல வேண்டாம்னு கடைக்கார அண்ணன் சொல்லிட்டாங்க. பாடம் கேக்கலாம். அடுத்த பிள்ளைக்குக் குடுங்க ஐயா.”

நடுவர் அவர்களே, இதோ, என் பையிலிருந்து இரண்டாவது சாட்சியை எடுக்கிறேன். அந்தப் போன் இதுதான். (கைதட்டல்) பணத்தைத் தாங்கும் பலம் இதற்குப் போய்விட்டது. ஒரு பாடத்தைத் தாங்கும் பலம் இன்னும் இருக்கிறது. 2022ஆம் ஆண்டில் உலகம் தூக்கிப்போட்ட மின்னணுக் குப்பை 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சிக்குப் போனது நூற்றுக்கு 22.3. மீதியில் எத்தனை வகுப்பறை கிடந்ததோ! குப்பைத் தொட்டியில் போட்டு அரியமங்கலத்துக்கு அனுப்பாதீர்கள். எழுந்திருக்கவே எழுந்திருக்காது என்றால் மின்னணுக் கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள். எழுந்திருக்கும் என்றால் ஒரு பிள்ளையிடம் கொடுங்கள்.

இன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் போனதும் புதுப் போன் விளம்பரத்தைத் திறப்பதற்கு முன்னால், உங்கள் அலமாரியைத் திறந்து பாருங்கள். இந்த ஊரின் வாய்க்கால் நமக்கு ஆயிரம் வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பது ஒன்றுதான்: தூர் வாருங்கள், தூக்கிப் போடாதீர்கள்! வைத்துக்கொள்வதே, பேணி வைத்துக்கொள்வதே அறிவுடைமை என்று நல்ல தீர்ப்பு வழங்க வேண்டும் என்று நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

(பலத்த, நீண்ட கைதட்டல்)